திறன்பேசியும் மின்கலமும்

மக்கள் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குங்கால், கண்ணுக்குப் புலனாகும் சிறப்புகளையே முதலில் நோக்குவர். மாட்டுச் சந்தைக்குச் செல்வோர் பலரும் காளையின் கொம்பையும் திமிலையும் பார்த்து வியந்து நிற்பர்; உழவறிந்த முதியவரோ அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். திறன்பேசி வாங்குமிடத்தும் இந்நிலையே காணப்படுகின்றது. திரையின் பொலிவும், ஒளிப்படக் கருவியின் நுட்பமும், புறத்தோற்றத்தின் நிறமும் வாங்குவோர் உள்ளத்தைக் கவர்ந்துவிடுகின்றன. உள்ளே மறைந்திருக்கும் மின்கலத்தைப் பற்றி ஒரே ஒரு வினா எழும். “ஐயாயிரம் மில்லி ஆம்பியர் மணி” என்று கடைக்காரர் விடை கூறுவார். அவ்வளவில் ஐயம் தீர்ந்ததாகக் கருதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவர். அந்த எண் உணர்த்துவது யாது, உணர்த்தாமல் விடுவது யாது என்பதை ஆராய்ந்தறிதல் நலம் பயக்கும்.

மின்கலம் ஒரு சிறு வசதியைப் பற்றிய செய்தி அன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் மீண்டு வரப் பல நாட்களாயின. சில ஊர்களுக்கு வாரங்களாயின. வெளியூரிலிருந்த மக்களுக்குத் தாம் உயிரோடிருக்கும் செய்தியைத் தெரிவிக்கவும், மருத்துவ உதவியை அழைக்கவும் கைப்பேசியே துணையாயிற்று. அதற்கு மின்னேற்றுவதற்காக மின்னாக்கி இருந்த இடங்களை மக்கள் தேடிச் சென்றனர். கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தமையால், மின்கலம் நிறைந்திருந்தோரும் தொடக்கத்தில் பேச இயலாது தவித்தனர் என்பது உண்மையே. ஆயினும் கோபுரம் உயிர்பெற்ற பொழுது, பேசுவதற்குக் கையிலுள்ள கருவியும் உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ?

ஓர் ஏரியை எண்ணிப் பார்த்தால் மின்கலத்தின் இயல்பு எளிதில் விளங்கும். ஏரி எவ்வளவு நீர் கொள்ளும் என்பது ஒன்று. மதகின் வழியே எவ்வளவு நீர் வெளியேறுகின்றது என்பது மற்றொன்று. ஆண்டுதோறும் எவ்வளவு தூர் சேர்ந்து ஏரி மேடாகின்றது என்பது மூன்றாவது. பாசனம் அறிந்த உழவன் இம்மூன்றையும் சேர்த்து நோக்கியே, நீர் அறுவடை வரையில் வருமா என்று கணிப்பான். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண் முதலாவதை மட்டுமே கூறுகின்றது. மதகைப் பற்றியும் தூரைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை.

அவ்வெண்ணின் பொருளை முதற்கண் காண்போம். ஆம்பியர் என்பது மின்னோட்டத்தை அளக்கும் அலகு. அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். 5000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் மின்கலம், 5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரமோ, அரை ஆம்பியர் மின்னோட்டத்தைப் பத்து மணி நேரமோ தர வல்லது. எனினும், அதில் அடங்கியுள்ள ஆற்றலை அறிய வேண்டின் மின்னழுத்தத்தாலும் பெருக்குதல் வேண்டும். திறன்பேசி மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். ஆகவே ஆற்றல் 5 × 3.85, அஃதாவது சற்றேறக்குறைய 19 வாட் மணி ஆகும். பேசி சராசரியாக 1 வாட் வீதம் செலவிட்டால் 19 மணி நேரம் உழைக்கும். 2 வாட் வீதம் செலவிட்டால் ஒன்பதரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஏரி ஒன்றே, மதகின் திறப்புத்தான் வேறு.

இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. நோக்கியா நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ‘1100’ என்னும் எளிய கைப்பேசியை வெளியிட்டது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையான அக்கருவியை இன்றைய மாணவரின் பெற்றோருள் பலர் நன்கு அறிவர். அதன் மின்கலம் 850 மில்லி ஆம்பியர் மணியே கொண்டது. இக்காலத்துத் திறன்பேசி மின்கலத்தில் ஆறில் ஒரு பங்கு என்னலாம். ஆயினும் அதனை ஒரு முறை மின்னேற்றினால் பல நாட்கள் உழைத்தது. ஆறு மடங்கு பெரிய மின்கலம் தாங்கிய திறன்பேசியோ நாள்தோறும் மாலையில் மின்னேற்றியை நாடுகின்றது. 1100இன் சிறு திரை கறுப்பு வெள்ளை எழுத்துகளை மட்டும் காட்டியது. அதற்கு இணையமும் இல்லை, நகரும் படமும் இல்லை, இருக்குமிடம் உணர்த்தும் கருவியும் இல்லை. குறைவாகச் செலவிட்டது, ஆதலின் நீண்ட நாள் வாழ்ந்தது.

திறன்பேசியில் மின்னாற்றலை மிகுதியாக உண்பவற்றுள் திரை முதன்மையானது. திரை பெரிதாகுந்தோறும், ஒளி மிகுந்தோறும் செலவும் மிகும். நண்பகல் வெயிலில் நின்று திரையைப் பார்ப்பவர் அதன் ஒளியை உச்சத்திற்கு உயர்த்த வேண்டியவராகின்றார். நிழலில் அமர்ந்து பார்ப்பவர்க்கு அதில் சிறு பகுதியே போதும். திரையின் வகையும் கருதத்தக்கது. ஓ.எல்.இ.டி. எனப்படும் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கறுப்பு நிறம் காட்டும் புள்ளி அணைந்தே இருக்கும். ஆதலின் அவ்வகைத் திரையில் கரிய பின்னணியை அமைத்துக்கொண்டால் மின்செலவு குறையும். எல்.சி.டி. திரையிலோ பின்னால் ஒரு விளக்கு எப்பொழுதும் எரிந்துகொண்டிருக்கும். அங்குக் கறுப்புப் பின்னணியால் பெரும்பயன் இல்லை. மேலும், திரையின் படம் ஒரு நொடியில் 60 முறை மாறுவதும் உண்டு. 120 முறை மாறுவதும் உண்டு. விரைந்து மாறும் திரை கண்ணுக்கு இதமாயினும், அதற்குரிய விலையை மின்கலமே கொடுக்கின்றது. தேவைக்கேற்ப இவ்வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும் திரைகளும் உள. விற்பவர் 120 என்னும் எண்ணைப் பெருமையுடன் கூறுங்கால், அது தாழ்ந்தும் இயங்குமா என்று வினவுதல் தகும்.

அடுத்தது அலைத்தொடர்பு. அருகிலிருப்பவரோடு பேசுவோர் மெல்லப் பேசுவர். வயலின் அக்கரையில் நிற்பவரை அழைப்போர் உரத்துக் கூவுவர். கைப்பேசியும் அவ்வாறே கோபுரம் அருகிலிருந்தால் மெல்லிய அலையை அனுப்புகின்றது. தொலைவிலிருந்தால் வலிய அலையை அனுப்புகின்றது. கோபுரமே எட்டாத இடத்தில், அதனைத் தேடித் தேடியே ஆற்றலை இழக்கின்றது. மலைச்சிற்றூரில் வாழ்பவர், “நகரத்தில் இருந்தபொழுது இரவு வரை நின்ற மின்கலம் இங்கு மாலைக்குள் தீர்கின்றதே” என்று வருந்துவதற்கு இதுவே காரணமாதல் கூடும். கருவியின்மேல் குறை இல்லை. கடலில் மீன்பிடிக்கச் செல்வோர் கரையின் அலை எட்டாத இடத்தை அடைந்ததும், விமானப் பயணத்திற்கென வைத்துள்ள நிலைக்குப் பேசியை மாற்றிவிட்டால் இவ்வீண் செலவு நிற்கும். செயற்கைக்கோள் வழியே இடமறியும் வசதி, அந்நிலையிலும் பெரும்பாலான பேசிகளில் இயங்கும்.

பேசியின் மூளையாகிய சில்லும் செலவிற்குக் காரணமாவது. இதன் நுண்மையை நானோமீட்டர் என்னும் அலகால் விளம்பரம் செய்வர். அவ்வெண் இன்று சில்லின் உறுப்பு எதனையும் அளந்து கூறும் அளவன்று. ஒரு தலைமுறையின் பெயராகவே நின்றுவிட்டது. ஆயினும், பிற்பட்ட தலைமுறைச் சில்லு அதே வேலையைக் குறைந்த ஆற்றலில் செய்து முடிக்கும் என்பது பெரும்பாலும் மெய்யே. இதனால், சிறிய மின்கலமும் சிக்கனமான சில்லும் கொண்ட பேசி, பெரிய மின்கலமும் பழைய சில்லும் கொண்ட பேசியைக் காட்டிலும் நீண்ட நேரம் உழைத்தல் இயலும். இரு பேசிகளை ஒப்பிட விரும்புவோர், மில்லி ஆம்பியர் மணிகளை ஒப்பிடுவதைவிட, ஒரே சோதனையில் இரண்டும் எத்தனை மணி நேரம் நின்றன என்று ஒப்பிடுதலே முறையாகும்.

இனி, தூரைப் பற்றிக் காண வேண்டும். அதற்கு மின்கலத்தின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் நன்று. திறன்பேசிகளில் பயன்படுவது லித்தியம் அயனி மின்கலம். அதனுள் இரு மின்வாய்கள் உள்ளன. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயை விட்டு நீங்கிக் கிராபைட்டால் ஆன எதிர்மின்வாயின் அடுக்குகளுக்கிடையே சென்று தங்குகின்றன. பயன்படுத்தும்போது மீண்டும் வந்த வழியே திரும்புகின்றன. இம்மின்கலம் ஒருவர் முயற்சியால் ஒரே நாளில் தோன்றியதன்று. 1970களில் ஸ்டான்லி விட்டிங்காம் எக்ஸான் நிறுவனத்தில் இதற்கு அடிகோலினார். 1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப், கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ, தீப்பற்றும் இயல்புடைய தனி லித்தியத்தை நீக்கிக் கரிப்பொருளை அமைத்து அதனைப் பாதுகாப்பானதாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவர்க்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அப்பொழுது குடினஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றோருள் அவரே வயதில் மூத்தவர்.

அயனிகள் ஒவ்வொரு முறை சென்று மீளும்போதும் சிறு இழப்பு நேர்கின்றது. சில அயனிகள் மின்வாயின்மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கி, மீண்டு வருவதில்லை. இதுவே ஏரியில் தூர் படிதலை ஒத்தது. முழு மின்னேற்றச் சுற்றுகளின் எண்ணிக்கையால் இத்தேய்வை அளப்பர். இன்று 60 விழுக்காடும் நாளை 40 விழுக்காடும் செலவிட்டால் இரு நாளும் சேர்ந்து ஒரு சுற்றாகும். ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 14 வரையிலான பேசிகள் 500 சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்குமாறு அமைந்தவை என்றும், ஐபோன் 15 வரிசை 1000 சுற்றுகள் வரை அந்நிலையில் நிற்கும் என்றும் அறிவித்துள்ளது. நாளொன்றுக்கு ஒரு சுற்று என்று கொண்டால், முன்னது ஓராண்டு நான்கு மாதம். பின்னது இரண்டு ஆண்டு ஒன்பது மாதம். வாங்கும் நாளில் மாலை வரை சரியாக நிற்கும் பேசி, இரண்டு ஆண்டு கழித்துப் பிற்பகலிலேயே ஓய்ந்துவிடும் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, முதல் நாளிலேயே சற்று மிச்சம் வைக்கும் பேசியைத் தேர்ந்தெடுத்தலே அறிவுடைமை.

வெப்பம் இத்தேய்வை விரைவுபடுத்தும். வெயிலில் நிறுத்திய காரினுள் விடப்பட்ட பேசியும், தலையணையின் கீழ் மின்னேறும் பேசியும் விரைவில் முதுமை எய்துகின்றன. முழுதும் நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் வைத்திருத்தலும் தீங்கானது. இக்காரணத்தால் பல பேசிகளில் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு இப்பொழுது வைக்கப்படுகின்றது. ஆனால் மக்களிடையே நேர்மாறான நம்பிக்கைகள் நிலவுகின்றன. புதிய பேசியை எட்டு மணி நேரம் மின்னேற்றிய பின்னரே தொடவேண்டும் என்பர் சிலர். மின்கலம் முற்றிலும் வற்றிய பின்னரே மீண்டும் ஏற்றவேண்டும் என்பர் வேறு சிலர். இவை பழைய நிக்கல் காட்மியம் மின்கலங்களுக்கு ஓரளவு பொருந்திய அறிவுரைகள். அம்மின்கலங்கள் கைப்பேசிகளை விட்டு நீங்கிய பின்னும் அறிவுரை மட்டும் நீங்காமல் நிற்கின்றது. லித்தியம் அயனி மின்கலத்தை அடிக்கடி முற்றிலும் வற்றவிடுதல் அதற்கு நலமன்று.

மின்கலம் முதிர்ந்தால் கொள்ளளவு மட்டுமா குறைகின்றது? அதன் உள்மின்தடையும் உயர்கின்றது. பேசி திடீரெனப் பெருமளவு மின்னோட்டத்தை வேண்டும்பொழுது முதிர்ந்த மின்கலம் அதனைத் தர இயலாமல் போகும். பேசி சட்டென்று அணைந்துவிடும். இதனைத் தவிர்ப்பதற்காக ஆப்பிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில், மின்கலம் முதிர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்தது. வாங்கியோர்க்கு இது தெளிவாகச் சொல்லப்படவில்லை. தம் பேசி பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பலர் புதிய பேசி வாங்கினர். அவ்வாண்டு டிசம்பரில் உண்மை வெளிப்பட்டபொழுது பெருஞ்சினம் எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரி, மின்கலம் மாற்றுவதற்கான கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. புதிய மின்கலம் இட்டவுடன் பழைய பேசிகள் முன்போல் விரைந்து இயங்கின. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் புதுக்கருவி வாங்க வேண்டிய இடத்தில், ஒரு சிறு உறுப்பை மாற்றினாலே போதும் என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

பெரிய மின்கலத்தைச் சிறிய இடத்தில் அடக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சாம்சங் நிறுவனம் ‘நோட் 7’ என்னும் பேசியை 3500 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்துடன் விற்பனைக்கு அனுப்பியது. சில நாட்களில் ஆங்காங்கே பேசிகள் தீப்பற்றின. செப்டம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டன. மாற்றாகக் கொடுத்தவையும் எரிந்தமையால் அக்டோபரில் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. மின்கலத்தின் மூலையில் மின்வாய் வளைந்திருந்ததும், பிறிதொரு வகை மின்கலத்தில் பற்றவைப்புப் பிசிறு இருந்ததும் காரணங்கள் என்று 2017ஆம் ஆண்டு சனவரியில் அந்நிறுவனம் வெளியிட்டது. அண்மையில், 2023 முதல், கிராபைட்டுடன் சிலிக்கன் கலந்த எதிர்மின்வாய்களைச் சீன நிறுவனங்கள் பேசிகளில் புகுத்தியுள்ளன. சிலிக்கன் லித்தியத்தை மிகுதியாக ஏற்கும். ஆதலின் அதே பருமனில் 6000, 7000 மில்லி ஆம்பியர் மணி வரை அடக்க முடிகின்றது. ஆயின் லித்தியத்தை ஏற்கும்போது சிலிக்கன் பெரிதும் பருக்கும் இயல்புடையது. எனவே இவ்வகைப் பேசியிலும் கொள்ளளவோடு நில்லாமல், எத்தனை சுற்றுகளுக்கு உறுதி கூறுகின்றனர் என்று கேட்டறிதல் வேண்டும்.

விரைவு மின்னேற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். 67 வாட், 120 வாட் என்று கூறப்படும் எண்கள் ஏரிக்கு நீர் வரும் கால்வாயின் அகலத்தைக் குறிப்பன, ஏரியின் அளவையன்று. அவ்வேகமும் மின்கலம் வெறுமையாக இருக்கும்போதுதான் கிட்டும். நிறைய நிறைய வேகம் தானே தணியும். மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் நகரத்தில் இஃது ஒரு நல்ல துணை. மின்சாரமே இல்லாத நாளில் எவ்வளவு அகன்ற கால்வாயாலும் பயன் யாது?

மதகையும் தூரையும் வாங்குவோர்க்கு வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்ற கொள்கை ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமாகியுள்ளது. 2025ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் முதல் அங்கு விற்பனைக்கு வரும் ஒவ்வொரு திறன்பேசியும் ஒரு சீட்டைத் தாங்கி வருதல் வேண்டும். ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை மணி, எத்தனை நிமிடம் உழைக்கும் என்பதும், 80 விழுக்காடு குறையாமல் எத்தனை சுற்றுகள் தாங்கும் என்பதும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். 800 சுற்றுகளேனும் தாங்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. அதே பேசி வேறு நாடுகளிலும் விற்கப்படுமாயின், அச்சீட்டின் செய்தியைத் தேடிப் படித்து எந்நாட்டவரும் பயன்பெறலாம்.

இவ்வளவையும் அறிந்த பின், தேர்வு அவரவர் தொழிலைப் பொறுத்ததாகின்றது. நாள் முழுதும் வெயிலில் வண்டியோட்டி, திரையில் வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே உணவுப் பொதிகளைக் கொண்டுசேர்க்கும் இளைஞர்க்குத் திரை, இடமறி கருவி, இணையம் ஆகிய மூன்றும் ஒருங்கே செலவு வைக்கின்றன. வெயிலின் வெம்மையும் சேர்கின்றது. பேசி அணைந்தால் அவர்க்கு அன்றைய ஊதியம் போயிற்று. அவர் ஒளிப்படத்தின் நுட்பத்தை விட்டுக்கொடுத்தேனும் மின்கலத்தைத் தேர்தல் வேண்டும். அலுவலகத்தில் மின்செருகியின் அருகில் அமர்ந்து பணிபுரிவோர்க்கு இவ்வளவு கவலை இல்லை. எடை குறைந்த பேசியே அவர்க்கு ஏற்றதாகலாம். தனியே வாழும் முதியவர்க்குப் பெரும்பாலும் பேசுவதற்கே கருவி தேவைப்படும். அவர்க்கு, நாள்தோறும் மின்னேற்ற மறந்தாலும் உயிரோடிருக்கும் எளிய கைப்பேசி, விலையுயர்ந்த திறன்பேசியைவிடப் பெருந்துணையாகும்.

பயன்படுத்திய பழைய பேசியை வாங்குவோர் இன்னும் விழிப்போடிருத்தல் வேண்டும். பேசியின் அமைப்புப் பகுதியில் மின்கலத்தின் எஞ்சிய கொள்ளளவு விழுக்காடாகக் காட்டப்படுமாயின் அதனைக் காண்க. பின்மூடி சற்றே மேலெழும்பி நிற்குமாயின் உள்ளே மின்கலம் வீங்கியுள்ளது என்று அறிந்து, விலை எவ்வளவு மலிவாயினும் விலகுதல் வேண்டும். வீங்கிய மின்கலத்தை அழுத்தினாலும் குத்தினாலும் தீப்பற்றும். மின்கலம் மட்டும் நலிந்து பேசி நன்றாயிருப்பின், புது மின்கலத்தின் விலையைக் கேட்டறிந்து, பேசியின் விலையோடு கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். மாற்றும்போது, ஐ.எஸ். 16046 என்னும் தரக்குறியீட்டின்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்றதா என்று மின்கலத்தின் மேற்சீட்டைப் பார்த்து வாங்குதல் முறை. அன்று 1100 வைத்திருந்தோர் பின்மூடியைக் கையாலேயே திறந்து மின்கலத்தை மாற்றிக்கொண்டனர். இன்றைய பேசிகளில் பலவற்றின் மூடி பசையால் ஒட்டப்பட்டிருத்தலின், அவ்வேலைக்குத் தேர்ந்த தொழிலாளி வேண்டும். அத்தகைய பழுதுபார்க்கும் நிலையம் தம் ஊருக்கு அருகில் உண்டா என்பதையும் புதுப்பேசி வாங்கும் நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.